செம்மநத்தத்துக்கு ரோடு இல்லை

ஏற்காடு ஏரியைத் தாண்டி மேலே ஏறினால், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய எஸ்டேட் பங்களா. வாசலில் 'நிலைபேறு மென்பொருள் கட்டமைப்பு மையம்' என்று பலகை தொங்கும். இன்றைக்கு எழுதிய மென்பொருள் நாளைக்கு உடைகிறது, ஒரு பக்கம் ஒட்டுப் போட்டால் இன்னொரு பக்கம் கிழிகிறது என்று உலகமே தலையில் அடித்துக்கொண்டிருக்கும்போது, ஒருமுறை எழுதினால் நூறு வருஷத்துக்கு நிலைத்து நிற்கும் வழியை இந்த மையம் கண்டுபிடித்திருந்தது. வழி ரொம்ப எளிது. எழுதிய பிறகு தொடக்கூடாது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஊழியர்கள் எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நிற்பார்கள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கை முன்னால் இருந்தால் எதையாவது தொட்டுவிடுமாம். "தொடமாட்டேன், திருத்தமாட்டேன், மேம்படுத்தமாட்டேன்" என்று மூன்று முறை உறுதிமொழி. கூடத்துக் கடிகாரம் திறப்பு விழா அன்றிலிருந்தே இருபது நிமிடம் பின்தங்கித்தான் ஓடுகிறது. அதைச் சரிசெய்யலாமா என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதிக் கொடுத்த மனு இரண்டு வருஷமாகக் குழுவில் இருக்கிறது. அதனால் எல்லோரும் இருபது நிமிடம் தாமதமாக வந்து, சரியான நேரத்துக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை.

இங்கேதான் கமலக்கண்ணன் வேலை பார்த்தான். அயோத்தியாப்பட்டணத்துப் பையன், வயது இருபத்தொன்பது. பெங்களூரில் இரண்டு கம்பெனி வெளியே அனுப்பிவிட்ட பிறகு கிடைத்த வேலை. "எம் பையன் மலை மேல பெரிய ஆபீஸ்ல இருக்கறானுங்க" என்று அவன் அம்மா கீழே பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். படித்த படிப்பில் அவன் கெட்டிக்காரன்தான். கட்டமைப்பு என்பது வீட்டில் சுவர் எது, பாய் எது என்று பிரிப்பது மாதிரி. சுவரை நகர்த்த முடியாது. பாயை வேண்டும்போது விரிக்கலாம், சுருட்டலாம். மாறாததை ஒரு பக்கமும் மாறுவதை ஒரு பக்கமும் முதலிலேயே வைத்துவிட்டால், பாயைச் சுருட்டும்போது சுவர் விழாது. இது அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மையத்தின் முதல் படைப்பு 'மலைத்துணை'. மலைக்கிராமங்களுக்கு மூன்று அவசர ஜீப். உடம்பு சரியில்லாதவர் வீட்டிலிருந்து போன் செய்தால், எந்த ஜீப் எந்த வழியாக எதுவரைக்கும் போக வேண்டும் என்று மென்பொருளே முடிவு செய்யும். டிரைவர் இஷ்டத்துக்கு வண்டியைத் திருப்பினால் என்ஜின் தானாக அணைந்துவிடும். மனிதத் தலையீடு கட்டமைப்பைக் கெடுத்துவிடும் அல்லவா?

மையத்தின் இயக்குநர் முனைவர் ஸ்தனிஸ்லாஸ். கழுத்துப்பட்டையும் கம்பளிச் சட்டையும் போட்ட, மெதுவாகப் பேசும் மனிதர். "கமலக்கண்ணன், மாறாதவை பட்டியல் எவ்வளவு நீளமோ, கட்டமைப்பு அவ்வளவு உறுதி" என்று சொல்லி, சாயங்காலத்துக்குள் அறுபது இனம் வேண்டும் என்றார். கமலக்கண்ணனுக்கு நாற்பத்தொன்றுக்கு மேல் கிடைக்கவில்லை. கிராமங்களுக்கு வண்டிப் பாதை உண்டா இல்லையா என்பது மாறக்கூடிய சங்கதி, அதைப் பாய் மாதிரிதான் வைத்திருக்க வேண்டும். எண்ணிக்கைக்காக அதைத் தூக்கிச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டான்.

அதோடு விட்டானா? ஒவ்வொரு ஊருக்கும் நேரில் போய்ப் பாதையைப் பார்த்து எழுத வேண்டும் என்பது அவனுக்கு இட்ட வேலை. வெள்ளக்கடை வரைக்கும் ஒழுங்காகப் போனான். செம்மநத்தத்துக்குப் போக வேண்டிய அன்றைக்குச் சரியான மழை, எதிரே வருகிற ஆள் தெரியாத பனி. ஏரிக்கரை பஜ்ஜிக் கடையில் ஒதுங்கினான். கடைக்காரர் சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் இறங்குகிற ஆள், ஏரியைத் தாண்டி அந்தப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"ஏனுங்க, செம்மநத்தத்துக்கு ரோடு இருக்குதுங்களா?"

"அங்கெல்லாம் ஏதுங்க ரோடு? காடுங்க. இன்னொரு தட்டு மொளகாய் பஜ்ஜி போடட்டுங்களா?"

போடச் சொன்னான். செம்மநத்தம், வண்டிப் பாதை இல்லை என்று எழுதினான். கீழ்நாட்டிலிருந்து வந்த ஒருவன், கீழ்நாட்டிலிருந்து வந்த இன்னொருவனிடம் மலையைப் பற்றி விசாரித்துக்கொண்ட லட்சணம் அது.

ஜீப் ஓட ஆரம்பித்து எட்டு மாதம் கழித்து, செம்மநத்தத்திலிருந்து வெள்ளையன் என்கிற விவசாயி தன் அக்கா பாவாயியோடு மையத்துக்கு வந்தான். வரவேற்பில் இருந்த செல்வமேரி அவர்களைக் கமலக்கண்ணனிடம் அழைத்து வந்தாள்.

"ஏனுங்க, ஜீப்புக்குப் போன் பண்ணிப் பார்த்தனுங்க. எங்க ஊருக்கு ரோடே இல்லீன்னு அந்தப் பொம்பள கொரல் சொல்லுதுங்க. பிரிவு ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் நடந்து வந்துருன்னு சொல்லுதுங்க. நாங்க அந்த ரோட்டுலதானுங்க இப்ப வண்டில வந்தோம்."

"எந்த ரோடுங்க?"

"தார் ரோடுங்க. கொஞ்சம் சின்னது. ஆனா காய் வண்டியெல்லாம் வந்துட்டுப் போயிட்டுத்தான இருக்குது."

"எப்பப் போட்டாங்க?"

"அதாச்சுங்க ஆறேழு வருசம்" என்றாள் பாவாயி.

கமலக்கண்ணன் பஜ்ஜி தின்ற அன்றைக்கும் அந்த ரோடு அங்கேதான் நனைந்துகொண்டு கிடந்திருக்கிறது.

வெள்ளையன் விஷயத்தைச் சொன்னான். அவன் பெண்டாட்டி ராசாத்திக்கு அஞ்சாம் மாசம். முதல் குழந்தை இதே அஞ்சாம் மாசத்தில் தங்காமல் போய்விட்டது. "இந்தத் தடவ பிரஷர் நொம்ப இருக்குதாமுங்க. வலி வந்தா பைக்ல கீக்ல ஒக்கார வெக்காதீங்க, படுக்க வெச்சுத்தான் கூட்டியாரணும்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. ஜீப்பு ஊட்டுக்கு வந்தாத்தானுங்க ஆகும்."

"நான் பார்க்கறனுங்க" என்றான் கமலக்கண்ணன். இது என் தப்பு என்கிற மூன்று வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான், அது உள்ளே போய்விட்டது.

"நீங்க ஒருத்தராச்சும் காது குடுத்துக் கேட்டீங்களே, புண்ணியமாப் போச்சுங்க" என்று கும்பிட்டான் வெள்ளையன். கமலக்கண்ணனுக்குக் காது இரண்டும் எரிந்தது.

'இல்லை' என்பதை 'உண்டு' என்று மாற்ற வேண்டும். ஒரே ஒரு சொல். கமலக்கண்ணன் இயக்குநர் அறைக்குப் போய், செம்மநத்தம் பதிவில் ஒரு பிழை இருப்பதாகச் சொன்னான்.

ஸ்தனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிழை என்கிற வார்த்தையை நாம் இங்கே பயன்படுத்துவதில்லை. உங்களுக்குத் தெரியாதது இல்லை. சேர்வராயன் கோயில் குகைக்குப் போயிருக்கிறீர்களா? எத்தனை நூறு வருஷம்? அதற்கு யாராவது புதிய பதிப்பு வெளியிட்டார்களா? நான் முப்பது வருஷம் மென்பொருள் துறையில் இருந்தவன். நான் எழுதியதெல்லாம் உடைந்தது. ஏன் உடைந்தது? ஜனங்கள் பயன்படுத்தினார்கள். பயன்படுத்தியதும் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். நிலையான மென்பொருளுக்கு முதல் எதிரி அதைப் பயன்படுத்துகிறவன்தான்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு துளிகூட வெட்கம் இல்லை. பாவம், கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத்தான் இருந்தது. இருந்தாலும் நியாயமான மனிதர், மாற்ற வேண்டுகோள் படிவம் என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

பதினான்கு பக்கம். மாற்றம் தேவையில்லை என்பதற்கான காரணங்கள், ஐந்துக்குக் குறையாமல். மாற்றத்தைக் கேட்பவர் மனம் மாறியவரா, மாறாதவரா? மாறியவர் என்றால் நம்பத்தகாதவர், நிராகரிக்கவும். இப்படியே போய், ஒன்பதாம் பக்கத்தில் இரண்டே கட்டம். பதிவு செய்தவர் தவறாகப் பதிவு செய்தாரா? அல்லது, பதிவுக்குப் பின் ஊர் மாறிவிட்டதா?

கமலக்கண்ணன் அந்தப் பக்கத்தில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் கட்டத்தில் டிக் அடித்தால் வேலை போகும். அம்மா கீழே பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள். இரண்டாவதில் அடித்தாலும் திருத்தம் என்னவோ அதே திருத்தம்தானே, எப்படி நடந்தால் என்ன, நடந்தால் சரி என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு 'ஊர் மாறிவிட்டது' என்பதில் டிக் அடித்தான்.

பக்கத்தில் டீ வைத்த செல்வமேரி எட்டிப் பார்த்தாள். "ஊரு எங்கங்க சார் மாறுச்சு? அது இருந்த எடத்துலதான இருக்குது?"

"எழுதறப்பக் குறுக்கப் பேசாதீங்க" என்று எரிந்து விழுந்தான். அவள் போய்விட்டாள். மூன்று நாள் அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூசியது.

படிவம் மாற்றத் தடுப்புக் குழுவுக்குப் போனது. ராசாத்திக்கு ஏழாம் மாசம் பிறந்தபோது குழு கூடியது. வெள்ளையனைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டார்கள்.

"உங்கள் ஊர் ஏன் மாறியது?"

"மாறலீங்களே. ரோடு வந்துச்சுங்க."

"வருவதற்கு முன் யாரிடம் அனுமதி கேட்டது?"

வெள்ளையன் செல்போனில் ரோட்டின் படத்தைக் காட்டினான். படம் என்பது ஒரு கணத்தின் சாட்சி மட்டுமே, நிலைத்த சாட்சி ஆகாது என்று குறிப்பு எழுதப்பட்டது. கடைசியில் நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. குழுவினர் மூன்று பேரும் காரில் ஏறி, அந்தத் தார் ரோட்டிலேயே செம்மநத்தம் போய்ச் சேர்ந்து, அங்கே மோர் குடித்துவிட்டு, அதே ரோட்டில் திரும்பி வந்தார்கள். அறிக்கையில் ஒரே வரி. 'ஆவணப்படி பாதை இல்லாத ஊருக்கு எவ்வாறு போய் வந்தோம் என்பது தனி ஆய்வுக்குரியது.'

அடுத்த மாதம் தீர்மானம் வந்தது. கமலக்கண்ணன் அதை மூன்று தடவை வாசித்தான். ஊர் மாறிவிட்டது என்பதைப் பதிவு செய்தவரே படிவத்தில் உறுதி செய்திருப்பதால், பதிவு சரியானது என்று நிரூபணமாகிறது. தவறு ஊரின் பக்கம் உள்ளது. ஆகவே ஊரைப் பதிவுக்கு இணக்கமாக்குவதே கட்டமைப்புக்கு உகந்தது.

என்ன அர்த்தம் என்று அவனுக்கு அன்றைக்குப் புரியவில்லை. நாலாம் நாள், கேபிள் பதிக்கிறோம் என்று ஒரு தாளைக் காட்டிவிட்டு, ஊருக்கு ஒரு கிலோமீட்டர் கீழே ரோட்டுக்குக் குறுக்கே பொக்லைன் இறங்கியது. ஆறடி அகலம், நெஞ்சளவு ஆழம். ஒரு பக்கம் பாறைச் சரிவு, ஒரு பக்கம் பள்ளம், சுற்றிப் போக வழி கிடையாது. கேபிள் எதுவும் வரவில்லை. கேபிள் பதிக்கத் தோண்டிய குழியில் கேபிளைத் தேடுகிற வழக்கம் ஜனங்களுக்கு எப்போதோ போய்விட்டது, அதனால் யாரும் கேட்கவும் இல்லை.

கமலக்கண்ணன் இயக்குநரிடம் ஓடினான். "சார், ரோட்டை வெட்டிட்டாங்க சார்!"

"இல்லாத ரோட்டை யாரும் வெட்ட முடியாது" என்றார் ஸ்தனிஸ்லாஸ் அன்பாக. "உங்களுக்கு என் பாராட்டு. ஒன்பதாம் பக்கத்தில் நீங்கள் நேர்மையாக டிக் அடிக்காவிட்டால், மென்பொருளை அல்லவா வெட்டியிருப்போம்?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். முதல் கட்டத்தில்தான் டிக் அடித்திருக்க வேண்டும் சார், நான் ஊருக்கே போகவில்லை சார் என்று ஒரு வரி. திறந்தான். "தேங்க்யூ சார்" என்று வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு.

குழியை மூடச் சொல்லி வெள்ளையன் நாலு தடவை வந்தான். நாலு தடவையும் கமலக்கண்ணனைத்தான் பார்த்தான். "இந்தக் கம்ப்யூட்டருக்கு எங்க ஊரு மேல என்னங்க கோவம்?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டான். ஐந்தாம் தடவை ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து வைத்தான். எங்களுக்காக நடையா நடக்கறீங்க, ஊட்டுக்குக் கொண்டுபோங்க என்றான். அந்தப் பழத்தில் ஒன்றைக்கூடக் கமலக்கண்ணனால் தின்ன முடியவில்லை. அழுகிப்போனதும் கொண்டுபோய்க் கொட்டினான்.

மலைத்துணை ஒரு சொல்கூட மாறாமல் ஓராண்டு நிறைவு செய்தது. முற்றத்தில் பந்தல், சேலத்திலிருந்து விருந்தினர்கள், தட்டுத் தட்டாகக் கேசரி. மென்பொருளின் 'மாறாதவை' பட்டியலைக் கருங்கல்லில் வெட்டித் திரைபோட்டு மூடி வைத்திருந்தார்கள். அதில் ஐம்பத்தேழாவது வரி, செம்மநத்தம், வண்டிப் பாதை இல்லை. கமலக்கண்ணனுக்கு அன்றைக்கு 'நிலைபேற்றுச் செம்மல்' விருது. முன் வரிசையில் அவன் அம்மா புதுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்தனிஸ்லாஸ் மைக்கைப் பிடித்தார். "எல்லோரும் மனிதனுக்கு ஏற்ற மென்பொருளைச் செய்கிறார்கள். அதனால்தான் உடைகிறது. மனிதன் உடையக்கூடியவன், நோயாளி, கர்ப்பிணி, கிழவன். நாங்கள் மென்பொருளுக்கு ஏற்ற மனிதனைச் செய்கிறோம். பெருமையோடு சொல்கிறேன், இந்த ஆண்டு ஒரு கிராமமே தன்னைத் திருத்திக்கொண்டது. அதற்குக் காரணம் இந்த இளைஞர்." கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

கமலக்கண்ணன் பெயரை அழைத்தார்கள். மேடைப் படியில் கால் வைக்கும்போது பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். வெள்ளையன். எதற்கென்று அவனுக்குத் தெரியும். மாசம் அதுதான். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேடை ஏறினான். பொன்னாடை போட்டார்கள். கேடயத்தைக் கொடுத்தார்கள். படம் எடுப்பவர் கொஞ்சம் சிரிங்க சார் என்றார், சிரித்தான். இன்னொன்று என்றார், அதற்கும் சிரித்தான். பதினோரு நிமிடம் கழித்துக் கீழே இறங்கிப் பார்த்தபோது ஏழு அழைப்பு.

செல்வமேரி பந்தலுக்கு வெளியே ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தாள். "ஆபீஸ் போனுக்கும் வந்துச்சுங்க சார். ஜீப்பு பிரிவு ரோட்டுலயே நிக்குது, டிரைவரு மேல ஏத்தப் பார்த்தாராம், என்ஜின் அணைஞ்சுபோச்சாம். டவுன்ல இருந்து ஒரு லக்கேஜ் ஆட்டோவ வரச் சொல்லியிருக்கறேன். வர்றீங்களா, இல்ல கேசரி சாப்பிடறீங்களா?"

பின்னால் ஏறி உட்கார்ந்தான். பனிக்குள் அந்தத் தார் ரோடு வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. நல்ல ரோடு. அவன் அதில் போவது அதுதான் முதல் தடவை.

குழியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அந்தப்பக்கம் கயிற்றுக்கட்டிலில் ராசாத்தியைப் படுக்கவைத்து நாலு பேர் சுமந்து வந்து, எப்படி இறக்குவது என்று தெரியாமல் நின்றார்கள். ராசாத்தி பல்லைக் கடித்துக்கொண்டு பாவாயி கையைப் பிடித்திருந்தாள். கமலக்கண்ணன் பொன்னாடையோடு குழிக்குள் குதித்தான். இடுப்பளவு சேறு. கட்டில் தலைக்கு மேலே இறங்கியது, அதன் ஒரு காலைத் தோளில் வாங்கினான். நடுவில் கால் வழுக்கியபோது கட்டில் சாய்ந்தது, ராசாத்தி "அய்யோ!" என்று கத்தினாள். அந்தச் சத்தம் அவன் எலும்புக்குள் போய் உட்கார்ந்தது. எப்படியோ இந்தப்பக்கம் ஏற்றி, ஆட்டோவில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் வெளியே காத்திருந்தபோது ஸ்தனிஸ்லாஸ் போன் செய்தார். "ஜீப் பிரிவு ரோட்டில்தானே நின்றது? ஒரு அங்குலம்கூட நகரவில்லையே? கட்டமைப்பு தாக்குப்பிடித்துவிட்டது. அடுத்த மாநாட்டில் இதைப் பற்றி நீங்களே கட்டுரை வாசிக்கிறீர்கள்."

மூன்றரை மணிக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு, தாய்க்கு ரத்தம் ஏற்ற வேண்டும், ஆனால் இரண்டு பேரும் பிழைத்தார்கள். இன்னும் அரைமணி நேரம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டரம்மா. கமலக்கண்ணன் மனதுக்குள் பதினோரு நிமிடத்தைக் கழித்துப் பார்த்தான்.

பாவாயி துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து, சேறு காயாத அவன் கையில் கொடுத்தாள்.

"புடிங்க சாமி. எங்க சனமெல்லாம் பேசி முடிவு பண்ணிப்போட்டோம். இவனுக்கு உங்க பேருதான்" என்றாள்.

"ஆமாங்க" என்றான் வெள்ளையன். அழுதிருந்தான். "அந்த ஆபீஸ்ல எங்களுக்குன்னு இருந்தது நீங்க ஒருத்தருதானுங்க. நாளைக்கு இவன் கேட்டான்னா சொல்லோணுமில்லீங்க."

கையில் கிடந்த குழந்தை கொட்டாவி விட்டது. கமலக்கண்ணனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"எம் பேரு வேண்டாங்க" என்றான். "ரோடு இல்லீன்னு எழுதுனது நாந்தானுங்க. உங்க ஊருக்கு நான் வரவே இல்ல. ஏரிக்கரைல பஜ்ஜி தின்னுக்கிட்டே எழுதுனேன். அதுக்கப்பறம் ஊருதான் மாறிப்போச்சுன்னு டிக் அடிச்சதும் நாந்தான். அதனாலதான் குழி வெட்டுனாங்க."

வெள்ளையன் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"கம்ப்யூட்டரு தப்புன்னு நெனச்சதால நாலு மாசம் பொறுத்துக்கிட்டோமுங்க" என்றாள் பாவாயி. சத்தம் போடவில்லை. "அதுகிட்டப் போயி என்னத்தக் கேக்கறது? மனுசன் பண்ணுன தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, ஊரே தெரண்டு வந்து அன்னிக்கே கேட்டு முடிச்சிருப்போம்."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

"கொழந்தையக் குடுங்க."

கொடுத்தான்.